மேகமந்திக்கு எடை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

போன வாரம் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் எங்கள் ஒன்பது நிமிடக் குறும்படத்தைத் திரையிட்டோம். மூடுபனியில் வழி தவறிய சிறுமியை, மேகமே உருவான ஒரு கருமந்தி வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிற கதை. சிறுமியும் வீடும் பூண்டுத் தோட்டமும் கேமராவில் எடுத்தவை. மந்தி மட்டும் கையால் வரைந்தது. படம் முடிந்ததும் எல்லாரும் வரைந்த தம்பியைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். அவனுக்கு அது தகும். ஆனால் அந்த மந்தியை நம்பவைத்தவர்கள் திரையில் வரவே இல்லை.

முதல் நன்றி அப்பத்தாவுக்கு. மந்தி பூண்டு மூட்டை மேல் வந்து உட்கார வேண்டும். வரைந்த உருவத்துக்கு ஏது எடை? மூட்டை அமுங்கினால்தான் அது உட்கார்ந்ததாகக் கண் நம்பும். மேல்சாக்கில் நூலைத் தைத்து, உள்வழியாக அடியில் இறக்கினோம். கதவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, நாங்கள் கை காட்டிய நொடியில் அதை இழுத்தது அப்பத்தாதான். பதினோரு டேக்! "மந்தி எந்திரிக்கும்போது சாக்கு மெல்ல நிமிரணுமில்லய்யா?" என்று கேட்டதும் அவர்தான். எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. படத்திலேயே எனக்குப் பிடித்த இரண்டு நொடி, அந்தச் சாக்கு நிமிர்கிற இரண்டு நொடிதான்.

ஜீப் அண்ணன் மூங்கில் கழி நுனியில் ஒரு பூண்டைக் கட்டி, மந்தியின் முகம் வரவேண்டிய உயரத்தில் பிடித்துக்கொண்டே சரிவில் பின்பக்கமாக நடந்தார். பார்வை ஒரு சாண் விலகினாலும், பிள்ளை வெறுங்காற்றைப் பார்ப்பது தெரிந்துவிடும். அவள் கண் ஒருமுறைகூட விலகவில்லை.

1989-இல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினி வரைந்த விலங்குகளோடு ஆடுவதை டிவியில் பார்த்துப் பிடித்த ஆசை இது. அதற்கு எத்தனை கை வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது. நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒரு ஓவியம் இரண்டு பிரேம் நிற்கும். நான்கு நிமிட மந்திக்கு 2,880 தாள். ஐப்பசி மழையில் தாளெல்லாம் ஈரம் இழுத்து நெளிந்து, ஓட்டிப் பார்த்தால் மந்தி நின்ற இடத்திலேயே நடுங்கியது. அழுகையே வந்துவிட்டது. மூஞ்சிக்கல் பேக்கரி அண்ணன்தான் அடுப்பறையில் கொடி கட்டி, ராத்திரி ராத்திரியாகக் காயவைத்துக் கொடுத்தார். சில தாள்களில் இன்னும் பன் வாசம் இருக்கிறது.

அண்ணே, நீங்கள் வாங்க மறுத்த விறகுக் காசு என்னிடம்தான் இருக்கிறது, மறக்கவில்லை.

அப்பத்தா, சாக்கு நிமிர்கிற அந்த 24 தாளையும் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். மழை விட்டதும் கொண்டுவருகிறேன்.