மூன்று சக்கரங்களுக்கு இடம் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

விமான அருங்காட்சியகத்தில் எங்கள் பழைய மூன்று சக்கர கார் சங்கத்தின் சந்திப்பு, எந்த வண்டிக்கும் எந்த விமானத்துக்கும் ஒரு கீறல்கூட விழாமல் நடந்து முடிந்தது. அதற்காக உழைத்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி அருங்காட்சியக நிர்வாகத்துக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் 1955 வரை விமானம் கட்டத் தடை இருந்ததால்தான் விமான நிறுவனங்களான மெசர்ஷ்மிட்டும் ஹெயின்கலும் சிறு வண்டிகள் பக்கம் திரும்பின. பொறியாளர் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் வடிவமைத்த மெசர்ஷ்மிட் கேஆர்200 கார் போர் விமானங்களுக்கு நடுவே நின்றபோது அந்த உறவு கண்ணுக்கே தெரிந்தது. ஆனால், விமானியின் தலைக்கு மேல் மூடும், மிஞ்சிய விமானக் கூண்டைத்தான் அதில் பொருத்தினார்கள் என்ற பேச்சு சரியல்ல. அது காருக்கென்றே செய்த கூண்டு.

அந்தக் கூண்டைத் துடைக்கக் கற்றுத்தந்த பராமரிப்புப் பிரிவினருக்குத் தனி நன்றி. விமானக் கூண்டுகளைப் போலவே இதுவும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ, ஆல்கஹாலோ, பெட்ரோலோ பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். பிறகு மெருகேற்றினாலும் போகாது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவ வேண்டும், பிறகு மென்மையான சோப்பு நீரில் நனைத்த பருத்தித் துணி. உலர்ந்த துணி வேண்டவே வேண்டாம், தூசியே உப்புத்தாளாகிவிடும்.

வண்டிகளை ஏற்றி இறக்கியவர்கள் மூன்றாவது சாய்பலகையை மறக்காமல் கொண்டுவந்தார்கள். இரு பலகை டிரெய்லரில் நடுச் சக்கரத்துக்கு வழியே இல்லை. ரிலையன்ட் வண்டிகளின் ஃபைபர் உடலைச் சுற்றி இறுக்கினால் விரிசல் விடும் என்று அறிந்து, பட்டையை அடிச்சட்டத்தில் தாழ்வாகக் கட்டினார்கள்.

எரிபொருள் மேசையில் இருந்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! கேஆர்200-இன் 191 சிசி சாக்ஸ் என்ஜின் டூ-ஸ்ட்ரோக். 25:1 கலவை, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஆயில். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் கிடைக்காமல் என்ஜின் இறுகி நின்றுவிடும். ஹெயின்கல் காரும் பிஎம்டபிள்யூவின் இசெட்டா காரும் ஃபோர்-ஸ்ட்ரோக். அவற்றில் கலவை போனால் புகை கிளம்பும், பிளக்கில் கரி படியும். கேன்களுக்கு இரண்டு நிறம் அடித்துத் தனித்தனியே வைத்ததால் ஒரு வண்டியிலும் மாறவில்லை.

நிறுத்துமிடத்தைக் கவனித்த தொண்டர்கள், முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா, ஹெயின்கல் வண்டிகளுக்கு முன்னால் இடம் விட்டார்கள். கூண்டு வலப்புறம் சாயும் மெசர்ஷ்மிட்டுக்கு வலப்பக்கம். கேஆர்200-இல் ரிவர்ஸ் என்பது என்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுழல மறுபடி கிளப்புவதுதான். நான்கு கியரும் அப்போது பின்னோக்கி ஓடும். அதனால் என்ஜின் கிளம்பும்போது வண்டிக்குப் பின்னால் யாரையும் நிற்கவிடவில்லை.

விமானக் கொட்டகையான ஹேங்கருக்குள் ஒவ்வொரு வண்டிக்கும் சொட்டுத் தட்டு வைத்து, பெட்ரோல் குழாயை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே உள்ளே விட்ட பாதுகாப்புக் குழுவினருக்கும் நன்றி. உலர்தூள் தீயணைப்பான் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அவர்கள் கார்பன் டை ஆக்சைடு உருளைகளை அருகில் வைத்திருந்தார்கள். மாலையில் தரையெங்கும் நடந்து நட்டு, வாஷர் எல்லாவற்றையும் பொறுக்கித் தந்ததும் அவர்களே. எடுத்தவை சங்கப் பெட்டியில் உள்ளன, உரியவர்கள் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
சங்க உறுப்பினர்கள்