பழைய நிரல்களைக் கைவிடாமல் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். ரசீது அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்தை வரைவதற்காக வேலூர் வட்டாரக் கடைகளில் புழங்கிவரும் எங்கள் சிறிய நிரலகத்தின் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பின்) புதிய பதிப்பு வெளியாகியிருக்கிறது. பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட பில்லிங் நிரல்கள், ஒரு வரிகூட மாற்றப்படாமல், புதிய பதிப்போடும் கம்பைல் ஆகின்றன, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறுகின்றன; முன்பு எழுத்து எந்த இடத்தில் விழுந்ததோ அதே இடத்தில்தான் இப்போதும் விழுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோலத் தோன்றும் இந்தக் காரியத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் பெரும்பாலும் நிரலகத்துக்கு வெளியே இருப்பவர்கள். அவர்களுக்காகவே இம்மடல்.

58 மில்லிமீட்டர் தாளில் அச்சிடும் சாதாரண ரசீது அச்சுப்பொறிக்கு ஒரு வரியில் 384 புள்ளிகள்தாம் இடம். அதன் உள்ளே இருக்கும் எழுத்துகளில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை என்பதால், வரியைப் படமாக வரைந்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. எந்த எழுத்து வடிவம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம் தீர்மானிக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது அதன் வேலை. அந்த வடிவங்களைப் புள்ளிகளாக்கித் தருவது ஃப்ரீடைப் என்னும் இன்னொரு நிரலகம். நாங்கள் செய்வது இவ்விரண்டின் மேல் உட்கார்ந்து வரிகளை அடுக்குவது மட்டுமே. ஆகவே, ஃப்ரீடைப்பை உருவாக்கி வளர்த்த டேவிட் டர்னர், ராபர்ட் வில்ஹெல்ம், வெர்னர் லெம்பெர்க் ஆகியோருக்கும், ஹார்ஃப்பஸை வளர்த்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதுக்கும் எங்கள் வணக்கம். ஃப்ரீடைப்பின் உரிமமே ஆவணத்தில் அதன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கிறது, கேட்காவிட்டாலும் குறிப்பிட்டிருப்போம்.

அடுத்து, ராணிப்பேட்டையில் கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் நண்பருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. ஃப்ரீடைப்பின் 2.13.3 பதிப்பில், எழுத்தின் வெளிக்கோட்டைத் தாங்கும் ஸ்ட்ரக்சரின் (பல தரவுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பின்) சில உறுப்புகள், பூஜ்யத்துக்குக் கீழான எண்ணையும் ஏற்கும் குறியுள்ள எண்வகையிலிருந்து, அதை ஏற்காத குறியற்ற வகைக்கு மாற்றப்பட்டன. வெளிக்கோட்டில் எத்தனை வளையங்கள், எத்தனை புள்ளிகள் என்னும் கணக்கு ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகப் போவதில்லை. பழுதான எழுத்துருக் கோப்பு வந்து சேரும்போது அது ஒரு பாதுகாப்பும்கூட. மாற்றம் நியாயமானது, மாற்றக் குறிப்பிலும் முறைப்படி சொல்லப்பட்டிருந்தது. சி மொழியில் எழுதிய நிரலுக்கு இதனால் ஓர் எச்சரிக்கை வந்தாலும் வேலை நடந்துவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியிலோ, ஒரு வகைச் சுட்டியை (தரவு இருக்கும் நினைவக இடத்தைக் காட்டுவதை) இன்னொரு வகைச் சுட்டியில் வைக்கக் கம்பைலர் இடம் தராது. பிழை என்று நின்றுவிடும். நண்பரின் நிரல் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது.

‘ஓடவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்புகிறவர்களையே அதிகம் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அவர் அனுப்பியது ஒரு விருந்து. கம்பைலர் சொன்ன பிழைச் செய்தி முழுமையாக, கம்பைலரின் பதிப்பு எண்ணோடு இருந்தது. கடைக்காரரின் விவரங்களை நீக்கிவிட்டு, வெளிக்கோட்டுப் புள்ளிகளை நிரல் தானே எண்ணிச் செல்லும் அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டி இணைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகே, அந்த உறுப்புகளை நேரடியாகத் தொடும் இடங்களையெல்லாம் ஒரே கோப்புக்குள் அடக்கி, வெளியே தெரியும் எங்கள் தலைப்புக் கோப்பில் (பிற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பில்) பழைய வகைகளை அப்படியே வைத்தோம். கோடு, வளைவு என்று ஒவ்வொரு துண்டாகப் பிரித்துக் கையில் கொடுக்கும் ஃப்ரீடைப்பின் டீகம்போஸ் சார்பைப் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டைப்) பயன்படுத்தினால் இந்த வகைமாற்றம் நிரலை அண்டவே அண்டாது என்பதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறோம். பெயரை மாற்றினாலும் பழைய பெயரை மேக்ரோவாக (புதியதைக் குறிக்கும் மாற்றுப்பெயராக) விட்டுவைக்கும் வழக்கம் ஃப்ரீடைப்பிடமிருந்து நாங்கள் கற்றது. எழுத்துகளுக்கு எண் தரும் குறியேற்றங்களுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருந்த முற்காலப் பெயர்கள் அதன் தலைப்புக் கோப்பில் இன்னும் இருக்கின்றன.

கம்பைல் ஆவது பாதிக் கிணறுதான். குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தார் தங்கள் பழைய ரசீதுக் கட்டுகளை எங்களிடம் நம்பிக் கொடுத்ததால்தான் மீதிக் கிணற்றைத் தாண்ட முடிந்தது. எங்கள் பழைய சார்பு எழுத்தின் அளவை முழுப் பாயிண்டில் பெற்றது. ஃப்ரீடைப்போ ஒரு பாயிண்டை 64 கூறாக எண்ணுகிறது. நுண்ணிய அளவு வேண்டுமென்று பலர் கேட்டபோது, அதே சார்பை 64 கூறுக் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. பெயரும் மாறாது, வகையும் மாறாது, கம்பைலரும் வாய் திறக்காது. ஆனால் பழைய நிரல் 12 என்று அனுப்பும்போது, அங்குலத்துக்கு 203 புள்ளிகள் கொண்ட அச்சுப்பொறியில் ஏறத்தாழ 34 புள்ளி உயரம் வர வேண்டிய இடத்தில், ஒரு பாயிண்டுக்குக் கீழான அளவை ஃப்ரீடைப் ஒரு பாயிண்டாகவே எடுத்துக்கொள்வதால், மூன்று புள்ளி உயரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு கோடு விழும். குடும்பத்தின் மூத்த அம்மா பழைய ரசீதையும் சோதனை ரசீதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்கொளியில் பிடித்துக் காட்டினார்; அந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது. பழைய சார்பு பழைய பொருளிலேயே நீடிக்கிறது, புதிய கணக்குக்குப் புதிய பெயர் வைத்திருக்கிறோம். பொருளை ஓசையின்றி மாற்றுவதைவிடக் கம்பைல் ஆகாமல் உடைவதே மேல் என்பது என் கருத்து. உடைந்தால் தெரியவாவது தெரியும்.

ஆரணியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா எங்கள் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துத் திருத்தினார். அவருக்கு நிரலெழுதத் தெரியாது. அதுவே எங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. ‘வேலை முடிந்ததும் நினைவகம் விடுவிக்கப்பட வேண்டும்’ என்றிருந்த வரியின் ஓரத்தில், ‘விடுவிப்பவர் யார்?’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். சார்பை அழைத்த நிரலா, நிரலகமா என்பது தெரியாமல் இருவரும் விடுவித்தால் நிரல் விழும், இருவரும் விட்டுவிட்டால் நினைவகம் ஒழுகும். இப்போது அந்த வரி, ‘அழைத்த நிரலே விடுவிக்க வேண்டும்’ என்றிருக்கிறது. எழுவாய் இல்லாத வாக்கியங்களையெல்லாம் அவர் இப்படியே துரத்திப் பிடித்தார். ஃப்ரீடைப்பில் இருப்பதுபோலவே எங்கள் கையேடும் தலைப்புக் கோப்பின் குறிப்புரைகளிலிருந்து உருவாவதால், ஐயாவின் திருத்தங்கள் நிரலுக்குப் பக்கத்திலேயே நிலைத்துவிட்டன.

லாங்கு பஜார் மளிகைக் கடைக் கணக்கர் ஒருவர் தந்த உதவியும் சிறியதன்று. ரசீதின் தலையில் ‘ஸ்ரீ ஜலகண்டேஸ்வரர் துணை’ என்று போடும் கடைகள் வேலூரில் ஏராளம். பழைய தரவில் அந்த முதல் எழுத்து ‘ஸ’வில் தொடங்கித் தட்டப்பட்டிருக்கிறது, 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்த பின் அதிலிருந்து தொடங்குவதும் வழக்கில் வந்தது. இரண்டும் ஒரே வடிவமாக விழ வேண்டும். பழைய தலைப்புகளை நகலெடுத்துத் தந்து, எந்த எழுத்துருவில் எது பிரிந்து விழுகிறது என்று சோதிக்க வைத்தவர் அவர்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பழைய நிரல்கள் அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்து பார்த்த காட்பாடிக் கல்லூரி மாணவர்களுக்கும், கையேட்டை அச்சிட்டுத் தாள் விலை மட்டும் பெற்றுக்கொண்ட வாலாஜாபேட்டை அச்சகத்தாருக்கும் உளமார்ந்த நன்றி. அச்சுப் படிகள் இன்னும் மீதமிருக்கின்றன. பழைய பில்லிங் நிரலின் மூலநிரலை வைத்திருப்பவர்கள் அதைச் சோதனைத் தொகுப்புக்குத் தந்து, ஒரு படியை வாங்கிச் செல்லலாம்.

நன்றியுடன்,
நிரலகப் பராமரிப்பாளர்,
காட்பாடி.