கிழவியான சோஃபி

அன்புள்ள மல்லிகா,

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. காது குத்தும்போது பேத்தி அழவில்லை, நீதான் அழுதாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் போட்டோவில் குழந்தை உன் மடியில் அல்லவா இருக்கிறது? தாய்மாமன் எங்கே போனார்?

இங்கே விசேஷம் என்றால் என் முழங்கால்தான். தேய்மானமாம். மாடி ஏறாதே, சம்மணம் போடாதே என்று ஆயிரம் கட்டளை. கைத்தடி வேறு வாங்கியாயிற்று. பதினைந்து நாள் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்தபோதுதான் தங்கச்சி மகள் விட்டுப்போன அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அதைப் போனில் சொன்னதற்குத்தான் நீ இந்தக் கடிதத்தில், "ரிட்டயர் ஆன வயசுல மாயாஜாலக் கதையாடி உனக்கு?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம். அதுவும் இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று கேள்.

'ஹவுல்ஸ் மூவிங் காசில்' என்று பெயர், ஹவுல் என்ற மந்திரவாதியின் நகரும் கோட்டை. டயானா வின் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1986-இல் எழுதியது. பள்ளிக்கூட மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கான கதை என்றுதான் கடைகளில் அடுக்கியிருப்பார்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. இங்கரி என்று ஒரு நாடு. ஒரே எட்டில் காதங்களைத் தாண்டும் செருப்பும், போர்த்தினால் ஆள் மறையும் போர்வையும் அங்கே நிஜமாகவே உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டமாம். ஏனென்றால் கதைகளில் ஜெயிப்பது எப்போதும் கடைக்குட்டி. மூத்தது முதலில் கிளம்பும், முதலில் தோற்கும். நம் பாட்டிமார் சொன்ன ராஜகுமாரன் கதைகளிலும் அதேதானே!

சோஃபி மூன்று பெண்களில் மூத்தவள். அப்பா போய்ச் சேர்ந்ததும் தங்கைகள் வெளியே வேலை கற்கப் போகிறார்கள். இவள் வீட்டுத் தொப்பிக் கடையில் உட்கார்ந்து தைக்கிறாள். கொடுமைக்காரச் சித்தி என்று நினைத்துவிடாதே, சித்தி நல்லவள்தான். யாரும் இவளை அடக்கவில்லை. மூத்தவளுக்கு இவ்வளவுதான் என்று இவளே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் வாரிசு வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டபோது எனக்கு வயது இருபது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உனக்குத் தெரியாததா?

பேச ஆளில்லாமல் சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள். "உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டுகொள்வார்" என்கிற மாதிரி ஒரு தொப்பியிடம் சொல்வாள். அதை வாங்கிப்போன பெண் ஒரு பிரபுவோடு ஓடிப்போகிறாள்! தன் வாய்ச்சொல் பலிக்கிறது என்பது மற்றவர்கள் கண்டுகொண்ட பிறகுதான் இவளுக்குத் தெரிகிறது.

ஒரு நாள் சூனியக்காரி ஒருத்தி கடைக்கு வந்து இவளைக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள். இந்த இடத்தை எழுதிய விதம்தான் எனக்கு உயிர். வேறு யாராவது எழுதியிருந்தால் பெண் கதறியிருப்பாள். சோஃபி கண்ணாடியைப் பார்க்கிறாள், பரவாயில்லை, கிழவிக்கு உடம்பு திடமாகத்தான் இருக்கிறது, நிஜத்தில் நான் இப்படித்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு, மூட்டுகள் முறுக்க, வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். குமரியாக இருந்தபோது தெருவில் ஒருவன் பேச்சுக் கொடுத்தாலே சுருண்டுபோனவள், கிழவியானதும் யார் வீட்டிலும் நுழைகிறாள், கோட்டைக்குள் போய் அந்த மந்திரவாதியையே அதட்டுகிறாள், கேட்காமலே வீட்டைப் பெருக்குகிறாள், அடுப்பில் குடியிருக்கும் நெருப்புப் பூதத்தை மிரட்டி, தலை குனிய வைத்து, அதன்மேல் வாணலியை வைக்கிறாள்.

எனக்கு உடனே ஔவைதான் ஞாபகம் வந்தாள். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றுதானே கதை? கிழவியானால்தான் ஒரு பெண் ராஜா முன்னால் நின்று பேசலாம், தன்னந்தனியாக ஊர் ஊராக நடக்கலாம். அவள் வரமாகக் கேட்டாள், இவளுக்குச் சாபமாக வந்தது. இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சாபத்தை எடுக்க ஹவுல் இவளுக்குத் தெரியாமல் பலமுறை முயன்று பார்த்திருக்கிறான், முடியவில்லை. இந்த வேஷம் இவளுக்கே பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டானாம். இந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போட எழுந்து போனேன்.

ஹவுலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊர் நடுங்குகிறது. நேரில் பார்த்தால் மணிக்கணக்கில் குளியலறையில் அலங்காரம் செய்துகொள்கிற கோழை. சோஃபி அலமாரியைத் துடைக்கிறேன் என்று மருந்துகளை இடம் மாற்றிவிட, முடிச்சாயம் கெட்டுவிடுகிறது. அதற்கு அவன் போடுகிற ஆர்ப்பாட்டத்தில் உடம்பெல்லாம் பச்சைக் கூழாக வழிந்து தரையில் ஓடுகிறது! சளி பிடித்தால் செத்துப்போவதுபோல் அரற்றுவான். உன் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்த கதையை நீ சொல்வாயே, அச்சு அசல் அதேதான்.

அவனுக்கு நெஞ்சில் இதயமே இல்லை. வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரத்தைப் பிடித்து, அது சாகாமல் இருக்கத் தன் இதயத்தைக் கொடுத்துவிட்டான். அதுதான் அடுப்பில் எரிகிற பூதம். ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த நம் மந்திரவாதி, வேல்ஸ் நாட்டிலும் இருக்கிறான் பார்! பிரிட்டனில் இருக்கும் நிஜ வேல்ஸைத்தான் சொல்கிறேன், ஹவுலுக்குச் சொந்த ஊர் அதுதான். கோட்டைக் கதவின் குமிழில் நான்கு நிறம். கறுப்பு கீழே வரும்படி திருப்பினால் கதவு நம் உலகத்தில் திறக்கிறது. அங்கே அவன் அக்கா வீடு. படித்துவிட்டு உருப்படாமல் திரிகிறான் என்று அக்கா திட்டுகிறாள். இங்கிலீஷ் கவிஞர் ஜான் டன் எழுதிய நானூறு வருடத்துப் பாட்டு ஒன்று, விழும் நட்சத்திரத்தைப் பிடி என்று நடக்காத காரியங்களை அடுக்குகிற பாட்டு, அக்கா பையனின் வீட்டுப்பாடத்தாளாக இங்கரிக்கு வந்து சேர்கிறது. இங்கே அதில் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கிறது.

குறையும் உண்டு. கடைசி இரண்டு அத்தியாயத்தில் எல்லா முடிச்சையும் ஒரே மூச்சில் அவிழ்க்கிறார். யார் தலை யார் உடம்பில் என்று விளங்க நான் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஜப்பான் இயக்குநர் மியாசாகி இந்தக் கதையை 2004-இல் எடுத்த கார்ட்டூன் படத்தையும் தங்கச்சி மகள் போட்டுக் காட்டினாள். கண்ணுக்கு விருந்து. ஆனால் அதில் போர்தான் பெரிதாக நிற்கிறது, வேல்ஸ் இல்லை, அந்த அக்காவும் இல்லை. என் ஓட்டு புத்தகத்துக்கே.

புத்தகத்தை எழுதிய அம்மாவும் மூன்று பெண்களில் மூத்தவராம். அப்பா மகா கருமி. கதைப் புத்தகங்களை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்று, அதுவும் மூவருக்கும் சேர்த்துத்தான் கொடுப்பாராம். படிக்க எதுவும் இல்லாமல், இவரே நோட்டுகளில் எழுதித் தங்கைகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். 2011-இல் இறந்துவிட்டார்.

புத்தகத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். தீபாவளிக்குள் திருப்பி அனுப்பிவிடு, என்னுடையது இல்லை. இங்கிலீஷ் கடினம் என்று பயப்படாதே, நீ அந்தக் காலத்தில் எனக்கே நோட்ஸ் எழுதிக் கொடுத்தவள்.

கைத்தடியோடு நான் பேச ஆரம்பித்திருக்கிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதே. நேற்று அதனிடம், "அடுத்த மாசம் மல்லிகா வீட்டு மாடி ஏற வேண்டியிருக்கு, பார்த்துக்கோ" என்றேன்.

அன்புடன்,
வசந்தா