நாதசுர ஆசிரியருக்கு நிரந்தரப் பணி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டாவில் உள்ள இசைப்பள்ளி ஒன்றில் என் மகள் நாதசுரம் பயில்கிறாள். அவளுடைய ஆசிரியர் நிரந்தரப் பணியில்லாமல், மாதம் ஒரே தொகையாகத் தரும் தொகுப்பூதியத்தில் இருப்பவர். முகூர்த்த நாள்களில் கச்சேரிக்குப் போனால்தான் அவர் குடும்பம் நடக்கும். அன்று வகுப்பு நின்றாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து, உதட்டை எவ்வளவு அழுத்தினால் எந்த ஸ்வரம் நிற்கும் என்று பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டுவார். காணொளி பார்த்து வருகிற வித்தையா அது?

நரசிங்கம்பேட்டை ஊரில் செய்யப்படும் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குக் கிடைத்த மதிப்பு, அதைக் கற்பிப்பவருக்கும் வேண்டும். இசைப்பள்ளி ஆசிரியர்களை அரசு நிரந்தரப் பணியில், ஆண்டுதோறும் உயரும் காலமுறை ஊதியத்தில் நியமிக்க வேண்டும். கூடவே ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரையும் அமர்த்தினால், பிள்ளைகளுக்குக் கோயிலும் கல்யாணமும் தவிர வேறு பிழைப்பும் அமையும். அடுத்த கல்வியாண்டுக்குள் இதைச் செய்யட்டும்.

– ஒரு தாய், கும்பகோணம்