மாணிக்கம் அவர்களுக்கு: திரும்பத் திரும்ப வரும் டிரோஜனைப் பற்றி

திருச்சி

அன்பு நண்பர் மாணிக்கம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கல்வெட்டுப் படிகளை மறுபடியும் உட்கார்ந்து படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தது பெரும் நிம்மதியைத் தந்தது. அந்தப் படிகளின் ஒளிப்படங்களையெல்லாம் வைத்திருக்கும் வீட்டுக் கணினியில் டிரோஜன், அதாவது நல்ல நிரல்போல வேடமிட்டு நுழையும் தீய நிரல், புகுந்துவிட்டதாகவும், விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் அதை நீக்கிவிட்டதாக அறிவித்த பிறகும் கணினியை அணைத்துப் போட்டால் அதே பெயர் திரும்ப வந்து நிற்பதாகவும், கடைக்காரர் ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். சென்ற ஆடி மாதம் கும்பகோணத்தில் என் தங்கை வீட்டுக் கணினிக்கும் இதே தொல்லைதான் வந்தது. அங்கே கண்டதை உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வந்துகொண்டே இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் புதிய பதிப்பில் செய்த கோப்பைக் கொண்டுவர, அதைத் திறப்பதற்காக அந்த வடிவமைப்பு மென்பொருளின் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, பிரதியை யாரோ பென் டிரைவில் கொடுத்திருக்கிறார்கள். நிறுவுவதற்கு முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடுங்கள் என்று அதனுடன் ஒரு குறிப்பும் இருந்தது. கிராக் பிரதிகள் அனேகமாக எல்லாவற்றிலும் இந்தக் குறிப்பு இருப்பதால் மக்கள் அதை ஒரு சடங்குபோலச் செய்துவிடுகிறார்கள். காவலை நிறுத்திவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் கொடுத்து ஒரு நிரலை ஓட்டினால், அந்தக் கணினியில் அது செய்ய முடியாதது என்று ஏறத்தாழ எதுவுமே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் கணினியில் இருக்கும் அதே நிலைதான் அங்கும் இருந்தது. டிஃபெண்டர் ஒரு கோப்பைப் பிடிக்கும், அழிக்கும், பச்சை நிறத்தில் எல்லாம் சரி என்று காட்டும். மறுநாள் காலையில் அதே கோப்பு வேறொரு கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். கோரைப்புல்லை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டதைப் போன்ற நிலை அது. ஸ்கேன் செய்யும் மென்பொருள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் டிரோஜன் இறக்கி வைக்கும் கோப்பைத்தான். அதை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு வேறோர் இடத்தில் இருக்கும். ஆகவே எந்தக் கோப்பை அழிப்பது என்பதை விட, அதை யார் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்பதையே முதலில் தேட வேண்டும்.

தேடத் தொடங்கும் முன் இணைய இணைப்பைத் துண்டித்தேன், ஏனெனில் இணைப்பு இருக்கும்வரை நாம் ஒன்றை நீக்கும்போதே மற்றொன்று இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்து டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற அந்தப் பகுதியில் சி டிரைவின் ஒரு கோப்புறை முழுவதுமே சேர்க்கப்பட்டிருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி பெற்ற நிரல் ஒரே கட்டளையில் இதைச் செய்துவிடலாம். அதன்பின் டிஃபெண்டர் அந்த இடத்தைப் பார்க்காமல் கடந்து போகும். பல வீடுகளில் ஸ்கேன் முடிவு சுத்தம் என்று வருவதற்கு இதுவே காரணமாக இருக்கிறது. உங்கள் கணினியில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். உங்களுக்குத் தெரியாமல் அங்கே எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.

பிறகு ஆட்டோரன்ஸ் என்ற கருவியை ஓட்டினேன். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியதிலிருந்து அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் ஒவ்வொன்றையும் அது வரிசையாகக் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பவை படிக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடும். அதில் பிரவுசரைப் புதுப்பிக்கும் வேலை என்ற பெயரில் ஓர் அட்டவணைப் பணி, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை, இருந்தது. பெயர் நல்ல பெயர். ஆனால் அது அழைத்தது பிரவுசரை அன்று, விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் என்ற கருவியை. திரையில் தெரியாதபடி ஓடச் சொல்லி, புரியாத எழுத்துகளாக மாற்றிய நீண்ட கட்டளை ஒன்று அதன் பின்னால் இருந்தது. அந்தப் பணியை நீக்கினேன். மறுநாள் அது திரும்ப வந்திருந்தது.

மாப்பிள்ளை மனம் தளர்ந்துபோனார். எனக்கோ அப்போதுதான் விஷயத்தின் ஆழம் புரிந்தது. விண்டோஸுக்குள் டபிள்யூஎம்ஐ என்றொரு நிர்வாக அமைப்பு இருக்கிறது. கணினி தொடங்கிச் சில நிமிடங்கள் ஆனதும் இந்தக் கட்டளையை இயக்கு என்பது போன்ற நிபந்தனைகளை அதனிடம் நிரந்தரமாகப் பதிந்து வைக்க முடியும். பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட வசதி அது. இந்தப் பதிவு தனிக் கோப்பாக இருக்காது, அமைப்பின் தரவுத்தளத்துக்குள் இருக்கும். அதனால் கோப்புகளை மட்டும் பார்க்கும் ஸ்கேன் அதைத் தவறவிட்டுவிடும். ஆட்டோரன்ஸில் இதற்கென்று தனித் தாவல் உண்டு. வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும் என்பதால் நானும் முதலில் அதைத் திறக்கவில்லை. திறந்தபோது அந்த அட்டவணைப் பணியை மீண்டும் உண்டாக்கும் கட்டளை அங்கே இருந்தது.

வரிசை முக்கியம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலில் டபிள்யூஎம்ஐ பதிவு, அடுத்து அட்டவணைப் பணி, கடைசியில்தான் கோப்பு. அதன்பின் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினேன். இது கணினியை மறுபடி தொடங்கி, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளவும் ஒன்றையொன்று உயிர்ப்பித்துக்கொள்ளவும் டிரோஜனுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஏறக்குறைய 15 நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்த்தேன். ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. உங்கள் வீட்டில் அத்தகைய தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்து கணினி அமைதியான பிறகும் நான் விண்டோஸை முழுமையாக அழித்து மறுபடி நிறுவினேன். வீண் வேலை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டுபிடித்தவற்றை நீக்கினோம் என்று சொல்லலாமே தவிர, இருந்தவை எல்லாவற்றையும் கண்டுபிடித்தோம் என்று சொல்வதற்கு வழியில்லை. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு பலருடைய கணினிகள் நீலத்திரையில் நின்றுபோயின. புதுப்பிப்பில்தான் பிழை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது, அக்கணினிகளில் அலூரியான் என்ற டிரோஜன் ஏற்கனவே விண்டோஸின் மையப் பகுதியான உட்கருவோடு (கெர்னல்) ஒட்டிக்கொண்டிருந்ததும், புதுப்பிப்பு உட்கருவை மாற்றியதால் அதன் கணக்குத் தவறிப்போனதும் தெரியவந்தது. அதுவரை அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் கணினி நலமாக இருப்பதாகவே நம்பியிருப்பார்கள். அதே குடும்பத்தின் பின்வந்த வகை வன்தட்டின் தொடக்கப் பகுதியிலேயே குடியேறியது. இன்றைய கணினிகளில், தொடங்கும்போதே நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற காவல் இருப்பதால் அந்த வழி கடினமாகிவிட்டது, ஆனால் உங்களுடையது பழைய கணினி.

ஆகவே கடைக்காரர் சொன்னது தவறில்லை. எப்படிச் செய்யப் போகிறார் என்பதுதான் என் கவலை. சில கடைகளில் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு, உரிமமில்லாத விண்டோஸை நிறுவி, அதை ஆக்டிவேட் செய்ய எங்கிருந்தோ எடுத்த ஒரு நிரலை ஓட்டுகிறார்கள். அந்த நிரலுக்குள்ளேயே டிரோஜன் இருப்பதுண்டு. உங்கள் கணினி வாங்கும்போதே முறையான விண்டோஸுடன் வந்தது. அந்த உரிமம் கணினியின் வன்பொருளோடு பதிவாகியிருப்பதால், அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மைக்ரோசாஃப்ட் தளத்தின் நிறுவல் கருவியை எடுத்து, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டின் பிரிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு நிறுவச் சொல்லுங்கள்.

அதற்கு முன் உங்கள் கல்வெட்டுப் படிகளைக் காப்பாற்ற வேண்டும். படங்கள், வேர்டு கோப்புகள், பிடிஎஃப் ஆகியவற்றை மட்டும் வெளிவட்டில் நகலெடுங்கள். கோப்புப் பெயர்களின் பின்னொட்டு தெரியும்படி அமைத்துக்கொண்டால், படம்போலத் தோன்றி எக்ஸி என்று முடியும் நிரல் கோப்புகள் கண்ணில் படும். அவற்றைத் தொட வேண்டாம். பாமினி, வானவில் என்று பல ஆண்டுகளாகச் சேர்த்த எழுத்துருக்களிலும் எழுத்துருக் கோப்பை மட்டும் எடுங்கள், அவற்றை நிறுவும் நிரல்களை விட்டுவிடுங்கள். புதிய விண்டோஸில் அந்த வட்டை ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும்.

கடவுச்சொற்களை மாற்றினீர்களா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு எல்லாவற்றையும் விட அதுவே பெரிய கவலை. இப்போதைய டிரோஜன்களில் பல பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், உள்நுழைந்த நிலையைக் காக்கும் குக்கிகளையும் சில நொடிகளில் அனுப்பிவிடுகின்றன. லும்மா என்ற அத்தகைய திருட்டு நிரலை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு அமைப்புகளும் சேர்ந்து முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலேயே உள்ளே போய்விட முடியும். எனவே கைப்பேசியிலிருந்து, அந்தக் கணினியைத் தொடாமல், முதலில் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்து, உங்கள் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து வங்கி. ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஏதேனும் தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோய்விடும்.

பேரன் விளையாட்டு ஒன்றை இறக்கியதால்தான் இது வந்தது என்று சந்தேகப்பட்டிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஏதேனும் தவறாக நடந்தால் அவன் முதலில் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதை ஒட்டுங்கள் என்று எந்தப் பக்கமாவது கேட்டால், அது டிரோஜனை நம் கையாலேயே நிறுவ வைக்கும் வழி என்பதை மட்டும் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். புதிய விண்டோஸில் அவனுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுப்பது நல்லது.

கடவுச்சொல் வேலையை இன்றே முடித்துவிடுங்கள். மற்றவை இரண்டு நாள் பொறுக்கும். ஞாயிறு காலையில் தொலைபேசியில் அழையுங்கள். விலக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைப் படித்துச் சொன்னால், அடுத்து எங்கே பார்ப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அதுவரை கணினியைக் கடையில் கொடுக்க வேண்டாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
சுந்தரேசன்