பக்கவாசல் சாவியைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மூணாறு மலையில் உங்கள் சபையைச் சேர்ந்த கொழுந்து கிள்ளும் பெண் எழுதுகிறேன். பெண்கள் நாங்கள் கோயிலில் கூடிப் பாடிவந்த விடியற்காலைத் துதி வேளை எப்படி நின்றது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களே நீங்கள்தாம். ஞாயிறும் பண்டிகையும் தவிர ஆலயம் திறக்கப்படாது. கரண்டுச் செலவு, புதிய டைல்ஸ், ஒலிபெருக்கிக்குப் பாதுகாப்பு என்று காரணங்களும் வாசித்தீர்கள். போன வாரம் பூட்டிய கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்று பாடினோம். வாட்ச்மேனை அனுப்பி அதையும் நிறுத்தினீர்கள். ஐயா, எங்களுக்கு மைக் வேண்டாம், விளக்கும் வேண்டாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம் பக்கவாசலைத் திறந்துவிடுங்கள்.

"வீட்டிலேயே துதிக்கலாமே, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர்" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். அவர் வீட்டில் ஜெபத்துக்கென்றே தனி அறை இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பது ஓர் அறையும் அடுப்படியும். எங்கள் வரிசையில் இருக்கும் அக்காவின் மகன் ஃபாக்டரியில் இரவு வேலை முடித்து வந்து அந்த அறையில்தான் படுக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தைக்காரி. அக்கா அடுப்புக்கு முன் குந்தி, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு பாடுகிறார். இழவு வீட்டில் அழுகையை அடக்க அப்படிச் செய்வார்கள். துதியை அடக்கச் செய்வதை இப்போதுதான் பார்க்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கோயிலில் ஒருத்தி சங்கீதத்தை வாசிக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல, அப்படித்தான் அத்தனை சங்கீதங்கள் அவருக்கு மனப்பாடமாயின. தனியாக இருந்தால் மனம் சோர்ந்த அன்றைக்குத் துதி நின்றுவிடும். கூட நாலு பேர் நின்றால், வாய் எழாதவளும் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வரிக்கு வந்து சேர்ந்துவிடுவாள்.

இது பெந்தெகொஸ்தேக்காரர்களின் பழக்கம் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. நம் முன்னோர் கையில் இருந்த 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கர்த்தரைத் துதிப்பது பழைய ஏற்பாட்டில் ஆலயப் பணியாளரான லேவியருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. லூக்கா தம் சுவிசேஷத்தை முடிப்பதே சீஷர்கள் நாள்தோறும் தேவாலயத்தில் தேவனைப் புகழ்ந்தார்கள் என்று சொல்லித்தான். அவர்களிடம் கரண்டுச் செலவை யாரும் கேட்டதாக அதில் எழுதியில்லை.

2020 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்சரிவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போயின, 70 உயிர்கள். அதன் பிறகு மழைக்கால இரவுகளில் இந்த மலையில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் குறைவு. விடிந்தது, பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள் என்று கண்டதும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறு வரை எப்படிப் பொறுப்பது?

கன்வென்ஷனுக்கு மட்டும் மூன்று இரவுகள் பள்ளத்தாக்கு அதிர ஒலிபெருக்கி வைக்கிறீர்கள். அப்போது கரண்டு இலவசமாக வருகிறது போலும். ஃப்ளெக்ஸில் கமிட்டியார் படங்களுக்கு நடுவே ஆண்டவர் பெயருக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் மட்டும் ஒரு மாதமும் தவறாமல் லயம் தேடி வருகிறது. ஸ்தோத்திரம் செய்யத்தான் இடம் இல்லை. "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்ற சங்கீத வரியை நீங்கள் வாசிக்கும்போது எங்கள் கண் பூட்டின் மேல்தான் போகிறது. வாலிபப் பிள்ளைகள் வேறு சபைகளுக்குப் போகிறார்கள் என்று அங்கலாய்க்கிறீர்கள். அங்கே அதிகாலையில் கதவு திறந்திருக்கிறது, ஐயா.

பேச்சு சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் போனஸுக்காக மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்களில் பலர் இந்தத் துதி வேளைக்கு வந்தவர்கள்தாம். கோயில் வாசலில் அப்படி உட்கார எங்களுக்கு மனமில்லை. ஆகவே தாழ்மையாகவே கேட்கிறோம்: அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, பக்கவாசல் சாவியைப் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் கொடுங்கள். தினமும் அரை மணி நேரம் போதும். தரையைப் பெருக்கி, பூட்டி, சாவியைக் கோயில்பிள்ளையிடம் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சபை அங்கத்தினள் ஒருத்தி