செக்கு வாங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். காங்கயத்தில் மரச்செக்கு போட்டுத் தேங்காய் எண்ணெயைச் சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் சந்தை ஆய்வு செய்து தர ஒரு நிறுவனம் உன்னிடம் கேட்டிருக்கும் தொகை உன் முதலீட்டில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

விலைப் போக்கை அறியச் செலவே இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் அன்றாட விலைகள் மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் கிடைக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் விலை முன்னறிவிப்பும் வெளியிடுகிறது. தேங்காய்ப் பருப்பில் (கொப்பரையில்) எண்ணெய் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம்தான் என்பதால், பருப்பு கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் எண்ணெயின் அடக்கவிலை கிலோவுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் ஏறிவிடும். 2025-இல் பருப்பு விலை உச்சத்துக்குப் போனதை நீயே பார்த்தாய். அப்படி ஒரு பருவத்தைத் தாங்குமா என்று உன் கணக்கை முதலில் சோதித்துப் பார்.

ஒரு சொல்லை மக்கள் கூகுளில் தேடும் ஆர்வம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸும் இலவசம்தான். அதில் தெரியும் 100 என்பது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அன்று, நீ தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சம் மட்டுமே. தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்து, தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தேடு.

இவற்றையெல்லாம்விட நான் நம்புவது கடை அடுக்கைத்தான். சென்ற வாரம் பெருந்துறைச் சாலையில் ஒரு மளிகைக் கடையில் நின்று எண்ணெய்ப் பாட்டில்களின் தயாரிப்புத் தேதிகளைப் பார்த்தேன். 200 மில்லி பாட்டில்கள் இந்த மாதத்தவை. ஒரு லிட்டர் பாட்டில்களோ நான்கு மாதம் பழையவை, மூடியைச் சுற்றித் தூசி படிந்திருந்தது. ஒரு கடையை வைத்து முடிவு கட்டாதே. ஈரோட்டிலும் தாராபுரத்திலும் கிராமத்துக் கடைகளிலும் இதே போல் பார்த்து, சில வாரம் கழித்து அதே கடைகளுக்குத் திரும்பவும் போய், எந்த அளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள். 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நாட்டளவில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். அதில் உன் பாட்டிலின் விலை எவ்வளவு பெரிய பங்கு என்று பார்த்தால், சிறிய அளவு ஏன் விற்கிறது என்பது விளங்கும்.

உறவுக்காரர்களிடம் "நான் போட்டால் வாங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே "வேண்டாமுங்க" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "போன தடவை எந்த எண்ணெய் வாங்கினீங்க, எங்கே வாங்கினீங்க, எத்தனை நாளைக்கு வந்துச்சுங்க?" என்று கேள். கொடுத்த காசைப் பற்றிக் கேட்டால் உள்ளது உள்ளபடி வரும்.

செக்கை உடனே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, தெரிந்த செக்கில் கூலிக்கு ஆட்டி, இரண்டு அளவு பாட்டில்களில் மட்டும் விற்றுப் பார். எந்த அளவு முதலில் தீர்ந்தது, இரண்டாம் தடவை தேடி வந்தவர்கள் யார் என்பதை ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அம்மா உன்னை மிகவும் விசாரித்தார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்